சிறு குண்டும் அதன் நீளமும்

வேட்டைத் துப்பாக்கிக்குக் குண்டு தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் அதன் பருமனையும் வேகத்தையுமே முதலில் கேட்கிறார்கள். குழலின் விட்டம் 7.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துப்பாக்கிகளில் இந்த இரண்டு கேள்விகளோடு ஓரளவு சமாளித்துவிட முடியும். பத்து கிராமை எட்டும் கனமான குண்டு, தேர்வில் சிறு பிழை இருந்தாலும், மானின் நெஞ்சுக்கூட்டைக் கடந்து செல்லப் போதிய நிறையைத் தன்னிடம் வைத்திருக்கும். விட்டம் 5.6 மில்லிமீட்டருக்கும் 6.2 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்டதாக இருக்கும்போது அந்தத் தாராளம் இல்லை. ஆறரை கிராம் வரை எடையுள்ள சிறு குண்டின் நீளம், அதன் உட்கட்டமைப்பு, அது புறப்படும் குழலின் முறுக்கு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் அது குறியைத் துல்லியமாகத் தொட்டு, விலங்கை விரைவாக வீழ்த்தும். இம்மூன்றில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவது நீளமே. சிறுவிட்டத் துப்பாக்கியில் மிகுதியாகத் தீர்மானிப்பதும் அதுவே.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருப்பதால், இங்கு விளக்கப்படுபவை உரிமத்தோடும் பருவக் கட்டுப்பாட்டோடும் வேட்டை நடைபெறும் அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் அனுபவத்திலிருந்து எடுக்கப்பட்டவை. எனினும் இதில் அடங்கியுள்ள இயற்பியல் எங்கும் பொதுவானது.

சில அடிப்படைச் சொற்கள்

பேச்சு வழக்கில் தோட்டா, குண்டு ஆகிய இரு சொற்களும் ஒரே பொருளில் புழங்கினாலும், இந்த அத்தியாயத்தில் அவை வேறுபடுத்தப்படுகின்றன. பித்தளைக் கூடு, அதன் அடியிலுள்ள தீப்பற்றும் மருந்து, உள்ளே நிரப்பிய வெடிமருந்து, வாயில் பொருத்திய உலோக முனை ஆகிய அனைத்தும் சேர்ந்தது தோட்டா. சுடும்போது குழலை விட்டு வெளியேறிப் பறக்கும் உலோக முனை மட்டுமே குண்டு. குண்டின் எடை இன்றும் கிரெயின் என்னும் பழைய ஆங்கில அளவிலேயே குறிக்கப்படுகிறது. ஒரு கிரெயின் என்பது ஏறத்தாழ 64.8 மில்லிகிராம் என்பதால், 100 கிரெயின் குண்டின் எடை 6.48 கிராம் ஆகும். காலிபர் என்பது குழல் அல்லது குண்டின் விட்டத்தை அங்குலத்தின் பின்னமாகக் குறிக்கும் எண். ஆனால் தோட்டாவின் பெயரில் உள்ள எண் எப்போதும் உண்மையான விட்டத்தோடு ஒத்துப்போவதில்லை. .223 ரெமிங்டன் தோட்டாவில் உள்ள குண்டின் விட்டம் 0.224 அங்குலம், அதாவது 5.69 மில்லிமீட்டர்.

சிறுவிட்ட வேட்டைத் தோட்டாக்களில் மூன்றை எடுத்துக்கொண்டாலே இந்த உலகின் எல்லைகள் புலப்படும். 1887இல் அறிமுகமான .22 லாங் ரைஃபிள், 40 கிரெயின் ஈயக் குண்டை நொடிக்கு ஏறக்குறைய 380 மீட்டர் வேகத்தில் செலுத்தி 187 ஜூல் ஆற்றலைத் தருகிறது. இது முயலுக்கும் அணிலுக்கும் உரியது. 1960களின் நடுவில் வந்த .223 ரெமிங்டன், 55 கிரெயின் குண்டை நொடிக்கு 990 மீட்டரை நெருங்கும் வேகத்தில் அனுப்பி, சுமார் 1,740 ஜூல் ஆற்றலைத் தருகிறது. நரி, கொயோட்டி, பிரெய்ரி நாய் எனப்படும் கொறிவிலங்கு ஆகியவற்றுக்கு இது பெரிதும் பயன்படுகிறது. 1955இல் வெளிவந்த .243 வின்செஸ்டர், 100 கிரெயின் குண்டை நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் செலுத்தி 2,620 ஜூலுக்கு மேல் தருவதால், மான் வேட்டைக்கு ஏற்ற சிறுவிட்டத் தோட்டாவாக அது நிலைபெற்றது. இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம் பொதுவாக மான் வேட்டைக்கு 0.240 அங்குல விட்டத்தையும் ஏறத்தாழ 2,305 ஜூல் ஆற்றலையும் குறைந்தபட்ச எல்லையாக வைத்திருப்பது, .243 வகை அந்த வாசற்படியை ஒட்டியே நிற்கிறது என்பதைக் காட்டுகிறது.

முறுக்கும் நீளமும்

துப்பாக்கிக் குழலின் உட்சுவரில் திருகுசுருளாக வெட்டப்பட்ட பள்ளங்கள் உள்ளன. குண்டு அவற்றைக் கவ்விக்கொண்டு செல்வதால் தன் அச்சில் சுழலத் தொடங்குகிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதைப் போலவே, சுழலும் குண்டும் மூக்கை முன்னோக்கி வைத்துக்கொண்டு பறக்கிறது. குண்டு ஒரு முழுச் சுற்றுச் சுழல்வதற்குக் குழலில் எவ்வளவு தூரம் செல்ல வேண்டும் என்பதே முறுக்கு எனப்படுகிறது. பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று என்னும் முறுக்குள்ள குழலிலிருந்து நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் வெளியேறும் குண்டு, நொடிக்கு 3,500 தடவைக்கும் மேலாகச் சுழல்கிறது. நிமிடக் கணக்கில் அது இரண்டு லட்சம் சுற்றுகளைத் தாண்டும்.

இவ்வளவு சுழற்சி தேவைப்படுவதற்குக் காரணம், கூரிய மூக்குள்ள குண்டின் எடைமையம் அதன் பின்பகுதியிலும், காற்றின் அழுத்தம் குவியும் புள்ளி முன்பகுதியிலும் அமைந்திருப்பதுதான். காற்று எப்போதும் மூக்கைப் பிடித்துப் பின்னே புரட்டிவிடவே முயல்கிறது. குண்டு நீளமாக ஆக அந்தப் புரட்டும் விசையின் நெம்புகோலும் நீளமாகிறது. எனவே ஒரே விட்டமுள்ள இரண்டு குண்டுகளில் நீளமானதற்கு வேகமான முறுக்கு, அதாவது குறைந்த தூரத்தில் ஒரு சுற்று, தேவைப்படுகிறது. இதைக் கணக்கிட இங்கிலாந்தின் வுல்விச்சில் கணிதம் கற்பித்த ஜார்ஜ் கிரீன்ஹில் 1879இல் தந்த எளிய விதி இன்றும் முதல் மதிப்பீட்டுக்கு உதவுகிறது: விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கிக் குண்டின் நீளத்தால் வகுத்தால் தேவையான முறுக்கு கிடைக்கும், வேகம் மிகுந்த இன்றைய தோட்டாக்களுக்கு 150க்குப் பதிலாக 180ஐப் பயன்படுத்துவது வழக்கம். 6.17 மில்லிமீட்டர் விட்டமும் 26 மில்லிமீட்டர் நீளமும் உள்ள குண்டுக்கு இந்தக் கணக்கு ஏறத்தாழ 264 மில்லிமீட்டர், அதாவது பத்தரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான முறுக்கைத் தருகிறது. அதே விட்டத்தில் நீளம் 20 மில்லிமீட்டராகக் குறைந்தால் பதின்மூன்று அங்குல முறுக்கே போதும் என்று காட்டுகிறது. இந்த விதியில் எடை எங்கும் நேரடியாக வரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஒரே உலோகத்தில் ஒரே விட்டத்தில் செய்த குண்டு கனமானால் நீளமும் கூடும் என்பதால்தான், எடையை வைத்து முறுக்கைப் பேசும் வழக்கம் வேட்டைக்காரர்களிடையே ஏற்பட்டது.

போதிய சுழற்சி பெறாத குண்டு பறக்கும்போதே தள்ளாடி, இறுதியில் புரண்டுவிடுகிறது. காகித இலக்கில் அதன் அடையாளம் தெளிவாகத் தெரியும்: நிலையாகப் பறந்த குண்டு விளிம்பு சீரான வட்டத் துளையை இடும்; புரண்ட குண்டு பக்கவாட்டில் மோதி, அதன் உடல் வடிவமே பதிந்ததுபோல் நீள்வட்டமான கிழிசலை உண்டாக்கும். அத்தகைய துளை ஒன்றே ஒன்று காணப்பட்டாலும் அந்தக் குண்டு அந்தக் குழலுக்கு உரியதல்ல என்று ஒதுக்கிவிட வேண்டும். காற்றின் அடர்த்தியும் இதில் பங்கு பெறுகிறது. .223 தோட்டாவைச் சுடும் ஏஆர்-15 துப்பாக்கியின் தொடக்கக் குழல்களில் பதினான்கு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்னும் முறுக்கே இருந்தது. மிதமான வெப்பநிலையில் 55 கிரெயின் குண்டை மயிரிழையில் நிலைநிறுத்திய அம்முறுக்கு, கடுங்குளிரில் காற்று அடர்ந்தபோது போதாமற்போனது தெரியவந்ததால், 1963இல் அது பன்னிரண்டு அங்குலமாக மாற்றப்பட்டது. பனிக்காலத்தில் வேட்டைக்குச் செல்வோர், கோடையில் சுட்டுப் பார்த்த முடிவை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்கு இது தக்க சான்று.

இரண்டு அங்குலம் தீர்த்த வழக்கு

முறுக்கின் சிறு வேறுபாடு ஒரு தோட்டாவின் தலையெழுத்தையே மாற்றியதை 1955ஆம் ஆண்டின் வரலாறு காட்டுகிறது. அந்த ஆண்டு அமெரிக்காவில் வின்செஸ்டர் நிறுவனம் .243 வின்செஸ்டரையும், ரெமிங்டன் நிறுவனம் .244 ரெமிங்டனையும் வெளியிட்டன. பெயரில் வேறுபட்டாலும் இரண்டும் ஒரே 0.243 அங்குல விட்டமுள்ள குண்டையே பயன்படுத்தின. கூட்டின் கொள்ளளவில் ரெமிங்டனின் தோட்டா சற்றுப் பெரியதாகவும் இருந்தது. ஆனால் ரெமிங்டன், இந்த விட்டத்தை வயல்களில் தொல்லை தரும் சிறு விலங்குகளுக்கு உரியதாகவே முதன்மையாகக் கருதி, தன் துப்பாக்கிகளுக்குப் பன்னிரண்டு அங்குல முறுக்கைக் கொடுத்து, 75, 90 கிரெயின் குண்டுகளை வழங்கியது. வின்செஸ்டரோ பத்து அங்குல முறுக்கைத் தேர்ந்து, 80 கிரெயின் குண்டோடு நீளமான 100 கிரெயின் குண்டையும் வழங்கியது.

கோடையில் சிறு விலங்குகளையும் இலையுதிர் காலத்தில் மானையும் ஒரே துப்பாக்கியால் வேட்டையாட விரும்பிய அமெரிக்க வேட்டைக்காரர்கள், 100 கிரெயின் குண்டைச் சுடக்கூடிய துப்பாக்கியையே நாடினார்கள். ரெமிங்டன் பின்னர் முறுக்கை ஒன்பது அங்குலமாக விரைவுபடுத்தி, 1963இல் தோட்டாவின் பெயரையும் 6 மி.மீ. ரெமிங்டன் என மாற்றியது. ஆயினும் சந்தையில் முந்திவிட்ட .243ஐ அது மீண்டும் எட்டவே இல்லை. வெடிமருந்துக் கொள்ளளவில் மேலாக இருந்த தோட்டா, குழலின் இரண்டு அங்குல முறுக்கு வேறுபாட்டால் பின்தங்கியது என்பதே இதன் சாரம். இன்றும் பழைய துப்பாக்கியை வாங்கும் ஒருவர், அதன் பெயரை மட்டும் பார்த்துக் குண்டு வாங்குவது இதே தவறைத் தனி அளவில் செய்வதாகும். பழைய .223 துப்பாக்கிகள் பல பன்னிரண்டு அங்குல முறுக்கு கொண்டவை. இன்று கிடைக்கும் 69, 77 கிரெயின் நீளக் குண்டுகள் எட்டு அல்லது ஏழு அங்குல முறுக்கை எதிர்பார்ப்பவை.

மலரும் குண்டு

குண்டு குறியை அடைந்த பிறகு நிகழ்வது தேர்வின் இரண்டாம் பாதி. விலங்கு வலியின்றி விரைவாக இறக்க வேண்டுமானால், முன்னங்காலுக்குப் பின்புறமுள்ள இதய நுரையீரல் பகுதியில் பெரிய காயம் ஏற்பட்டு, மூளைக்குச் செல்லும் குருதியழுத்தம் சில நொடிகளில் வீழ வேண்டும். முழுவதும் கெட்டியான உலோக உறையால் மூடப்பட்ட குண்டு, ஆறு மில்லிமீட்டர் துளையை மட்டும் இட்டுவிட்டு மறுபுறம் வெளியேறிவிடக்கூடும்; காயமுற்ற மான் காட்டுக்குள் ஓடி மணிக்கணக்கில் துன்புறும். ஆகவே வேட்டைக் குண்டின் மூக்கு, தசையில் மோதியவுடன் பின்னோக்கி மடங்கி விரியுமாறு அமைக்கப்படுகிறது; நன்கு விரிந்த குண்டு தன் முதல் விட்டத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்காகிறது.

விரியும் குண்டின் வரலாற்றில் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் படைக்கலத் தொழிற்சாலையின் பெயர் நீங்காது இடம்பெற்றுள்ளது. 1890களில் அங்குச் செய்யப்பட்ட, முனையில் உறை நீக்கிய குண்டுகள் எழுப்பிய கண்டனத்தின் தொடர்ச்சியாக, 1899இல் ஹேக் நகரில் நிறைவேறிய பிரகடனம் மனித உடலில் எளிதில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாதென அறிவித்தது. வேட்டைச் சட்டங்கள் இதற்கு நேர்மாறானதைக் கோருகின்றன: இங்கிலாந்தில் மான் வேட்டைக்கு மென்முனை அல்லது குழிமுனைக் குண்டே கட்டாயம். போர்க்களத்தில் மிகையான துன்பமாகக் கருதப்படுவதே, இறைச்சிக்காகக் கொல்லப்படும் விலங்குக்குத் துன்பத்தைக் குறைக்கும் வழியாகிறது.

வழக்கமான மென்முனைக் குண்டை நெடுக்காக அறுத்துப் பார்த்தால் அதன் தொழில்நுட்பம் கண்ணுக்குத் தெரியும். வெளியே நூற்றுக்கு 95 பங்கு செம்பும் 5 பங்கு துத்தநாகமும் கலந்த உறை. அது மூக்கருகே தாள்போல் மெலிந்து, அடிப்பகுதியை நோக்கி வரவரத் தடித்திருக்கும். உள்ளே, கடினமாவதற்காகச் சிறிதளவு ஆன்டிமனி சேர்த்த சாம்பல் நிற ஈயம். மெல்லிய முன்னுறை முதலில் கிழிந்து ஈயம் பிதுங்குகிறது. தடித்த பின்னுறை அந்தக் கிழிசலைத் தடுத்து நிறுத்தி, எஞ்சிய உடலை ஒன்றாகப் பிடித்து முன்னே தள்ளுகிறது. உறை எந்த இடத்தில் எவ்வளவு தடிமன் என்பதே, குண்டு எத்தகைய விலங்குக்கு உரியது என்பதைத் தீர்மானிக்கிறது.

சிறு விலங்குகளுக்கான குண்டுகளில் உறை முழுவதும் மெல்லியதாக இருப்பதோடு, முனையில் பிளாஸ்டிக் ஊசிமுனையும் பொருத்தப்படுகிறது. மோதியவுடன் அம்முனை ஆப்புபோல் உள்ளே இறங்கிக் குண்டைச் சிதறடிப்பதால், இரண்டு கிலோ எடையுள்ள விலங்கு அந்த இடத்திலேயே இறக்கிறது. தரையிலோ கல்லிலோ பட்டாலும் குண்டு உடைந்துவிடுவதால் தெறித்துச் சென்று தீங்கு விளைவிக்கும் வாய்ப்பும் குறைகிறது. அதே குண்டால் மானின் தோள்பட்டையைச் சுட்டால், அது எலும்பைத் தொட்டதுமே மேற்பரப்பில் சிதறி, ஆழமற்ற அகன்ற புண்ணை மட்டும் உண்டாக்கும். சிறுவிட்டத் துப்பாக்கிகள் மானை வீழ்த்தாது என்ற பழி, பல வேளைகளில் விட்டத்தால் வந்ததன்று; சிறு விலங்குக்கு உரிய குண்டை மானுக்குப் பயன்படுத்தியதால் வந்தது.

மானுக்கான சிறுவிட்டக் குண்டு, விரியவும் வேண்டும், உடையாமல் ஊடுருவவும் வேண்டும். இந்த முரண்பாட்டுக்கு நல்ல தீர்வைத் தந்தவர்களுள் ஜான் நோஸ்லர் குறிப்பிடத்தக்கவர். 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் மான் வேட்டையின்போது, சேறு காய்ந்து இறுகிய தோலில் பட்ட குண்டுகள் உள்ளே ஊடுருவாததைக் கண்ட அவர், குண்டின் நடுவே செம்புத் தடுப்புச் சுவர் ஒன்றை வைத்து, முன்னறை விரியவும் பின்னறை சிதையாமல் ஊடுருவவும் வழிசெய்தார். இந்தத் தடுப்புக் குண்டு 1948 முதல் விற்பனைக்கு வந்தது. பெருங்குண்டுகளுக்காகத் தோன்றிய இந்த அமைப்பு, நிறை குறைந்த .243 குண்டுகளுக்கே கூடுதலாகப் பயன்பட்டது எனலாம். குண்டின் எடையை விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் குறுக்குவெட்டு அடர்வு என்னும் அளவு ஊடுருவும் திறனைக் காட்டுவது. அமெரிக்க அலகில் 55 கிரெயின் .224 குண்டுக்கு அது 0.157, 100 கிரெயின் .243 குண்டுக்கு 0.242. ஆனால் இந்த எண் குண்டு முழுதாக இருக்கும்வரை மட்டுமே மெய். பாதி எடை சிதறிவிட்டால் அதுவும் பாதியாகிவிடும்.

ஈயமும் செம்பும்

சிதறும் ஈயம் இலக்கோடு நின்றுவிடுவதில்லை. ஈயக் குண்டால் வீழ்ந்த மான்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, குண்டு சென்ற பாதையிலிருந்து விலகிய இடங்களிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் ஏராளமாகப் பரவியிருப்பது தெரியவந்தது. வேட்டைக்காரர் காட்டிலேயே விட்டுவரும் குடலையும் கழிவையும் உண்ணும் பறவைகளின் உடலில் அத்துகள்கள் சேர்கின்றன. கலிபோர்னியாக் காண்டோர் என்னும் பிணந்தின்னிப் பெருங்கழுகின் எண்ணிக்கை 1982இல் 22 ஆகச் சுருங்கி, 1987க்குள் எஞ்சியவை அனைத்தும் பிடித்துக் காப்பிடங்களில் வளர்க்கப்பட்டன. மீண்டும் காட்டில் விடப்பட்ட பறவைகளின் இறப்புக்கு முதன்மைக் காரணமாக இன்றும் ஈய நஞ்சே இருந்துவருகிறது. இதனால் கலிபோர்னியா 2013இல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை 1 முதல் வேட்டையில் ஈயக் குண்டுகளை முற்றாகத் தடை செய்தது. டென்மார்க் 2024 ஏப்ரல் முதல் வேட்டை ரைஃபிள் குண்டுகளில் ஈயத்துக்குத் தடை விதித்தது.

ஈயத்துக்கு மாற்றாக நிலைபெற்றிருப்பது செம்பு. பார்ன்ஸ் நிறுவனம் 1989இல் வெளியிட்ட, மூக்கில் குழி கொண்ட ஒற்றை உலோகக் குண்டு இவ்வழியில் முன்னோடி. அது நான்கு இதழ்களாக விரிந்தும் தன் எடையை ஏறக்குறைய முழுவதும் காத்துக்கொண்டது. ஆனால் செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம், ஈயத்தினுடையது 11.34 கிராம். எனவே ஒரே விட்டமும் எடையும் உள்ள செம்புக் குண்டு, உறையிட்ட ஈயக் குண்டைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீளமாக இருக்கும். நீளம் கூடினால் கிரீன்ஹிலின் விதி உடனே வந்து நிற்கும். பத்து அங்குல முறுக்குள்ள .243 துப்பாக்கி 100 கிரெயின் ஈயக் குண்டை நிலையாகச் சுட்டாலும், அதே எடையுள்ள செம்புக் குண்டை நிலைநிறுத்தத் தடுமாறும். இதற்கான விடை, செம்பில் 80 அல்லது 85 கிரெயினுக்கு இறங்கிவருவதுதான். எடை சிதறாததால் அந்த இலகுவான குண்டே கனமான ஈயக் குண்டுக்கு இணையாக ஊடுருவுகிறது.

இந்த இயற்பியலைச் சட்டமும் ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. ஸ்காட்லாந்தில் ரோ மான் தவிர்ந்த பெரிய மான்களுக்கு 100 கிரெயின் குண்டே குறைந்தபட்சமாக இருந்துவந்தது. ஈயமற்ற குண்டுகளுக்கு வழிவிடுவதற்காக 2023இல் அது 80 கிரெயினாகக் குறைக்கப்பட்டது. பிரிட்டன் அரசு 2025 ஜூலையில் அறிவித்த ஈயக் கட்டுப்பாடு, 6.17 மில்லிமீட்டரும் அதற்கு மேற்பட்ட விட்டமும் உள்ள குண்டுகளையே குறிவைத்து, அதற்குக் கீழுள்ளவற்றை விட்டுவைத்ததும் இதே காரணத்தைச் சார்ந்தது: மிகச் சிறு விட்டங்களில் தகுந்த மாற்று இன்னும் முழுமையாகக் கைக்கு எட்டவில்லை. .22 லாங் ரைஃபிளின் குழல்கள் பதினாறு அங்குல முறுக்குடையவை. அவற்றில் சுடுவதற்கெனச் செம்புத்தூளும் பாலிமரும் சேர்த்துச் செய்யப்படும் குண்டு 21 கிரெயின் மட்டுமே எடையுள்ளதாக இருக்க வேண்டியிருப்பது இந்த நெருக்கடியை உணர்த்தும். செம்பு ஈயத்தைவிடக் கடினமானது என்பதால், அது விரிவதற்கு இலக்கில் மோதும் வேகம் பொதுவாக நொடிக்கு 550 முதல் 600 மீட்டராவது இருக்க வேண்டும் என்பதும் தூரத்தைத் தீர்மானிக்கும்போது நினைவில் கொள்ளத்தக்கது.

தேர்வின் வரிசை

இவை அனைத்தையும் ஒருங்கே நோக்கினால், சிறுவிட்டக் குண்டின் தேர்வு எந்த வரிசையில் அமைய வேண்டும் என்பது தெளிவாகிறது. முதலில் விலங்கு: அதன் எடையும் எலும்பின் பருமனும், குண்டு சிதற வேண்டுமா ஊடுருவ வேண்டுமா என்பதைச் சொல்லிவிடும். அடுத்து அந்நாட்டின் சட்டம், விட்டத்துக்கும் எடைக்கும் ஆற்றலுக்கும் விதித்துள்ள எல்லை. மூன்றாவது குழலின் முறுக்கு: குழலின் மேல் பொறிக்கப்பட்டிருந்தால் அந்த எண்ணையும், இல்லையெனில் தோட்டா நீக்கிய துப்பாக்கியில் துப்புரவுக் கம்பி ஒரு சுற்றுச் சுழல எவ்வளவு தூரம் செல்கிறது என்று அளந்து கிடைக்கும் எண்ணையும் கொண்டு, ஏற்கத்தக்க குண்டின் நீளத்தை முடிவுசெய்ய வேண்டும். அதன் பின்னரே எடை, வேகம், விலை ஆகியவற்றுக்கு இடம். கடைசியாக, தேர்ந்த குண்டை நூறு மீட்டரில் காகித இலக்கில் சுட்டு, துளைகள் வட்டமாகவும் நெருக்கமாகவும் விழுகின்றனவா என்று உறுதிசெய்ய வேண்டும்; ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துச் செய்த இரண்டு குழல்கள்கூட ஒரே குண்டை ஒரே விதமாக ஏற்பதில்லை.

பெரிய குண்டு சுடுபவரின் கவனக்குறைவைச் சில வேளைகளில் மறைத்துவிடும். சிறு குண்டு மறைப்பதில்லை. அதனால்தான் சிறுவிட்டத் துப்பாக்கியை எடுப்பவருக்குப் பொறுப்பு கூடுகிறது. விலங்குக்கும், அதன் எச்சத்தை உண்ணும் பறவைக்கும், இறைச்சியை உண்ணும் மனிதருக்கும் தீங்கு குறைந்த குண்டு எது என்று தெளிந்து, அது தன் குழலுக்குப் பொருந்துமா என்று அளந்து பார்த்த பிறகே வேட்டைக்குப் புறப்பட வேண்டும். அந்த அளவீட்டைச் செய்யாதவர் சுடாமல் இருப்பதே முறை.